‘இல்லி’ என்ற ஒற்றை வசனம்

பொம்மிடியில் நாங்கள் நாடகம் பழகிய புளி மண்டியில் செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தால் தரை காலைப் பிடித்துக்கொள்ளும். வருடக்கணக்கில் மூட்டை மூட்டையாகப் புளி அடுக்கியிருந்த இடமாதலால் சிமெண்டில் ஊறிய பிசுக்கு எத்தனை தரம் கழுவினாலும் போகாது, நாங்கள் பேசும் வசனத்தைவிடக் காலைப் பிய்த்தெடுக்கும் சத்தமே பலமாகக் கேட்கும். எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை விடுமுறையில் ஊர் இளைஞர்கள் சிலர் அங்கே நாடகக் குழு ஒன்றைத் தொடங்கினார்கள். பெண் பிள்ளைகளும் வரலாம், ஐந்து மணிக்குள் அனுப்பிவிடுவோம் என்று அவர்கள் சொன்னதால் நானும் பெயர் கொடுத்தேன்.

உண்மையைச் சொன்னால் எனக்கு நடிப்பில் ஆசை ஒன்றும் கிடையாது. பேச ஆள் வேண்டும், அவ்வளவுதான். ஏரியூர்ப் பக்கத்துச் சிற்றூரில் கன்னடம் பேசும் குடும்பம் எங்களுடையது. மேல்படிப்புக்காக என்னைப் பொம்மிடியில் ‘சிக்கம்மா’ வீட்டில், அதாவது சித்தி வீட்டில், கொண்டுவந்து விட்டிருந்தார்கள், அந்த விடுமுறைக்கும் நான் ஊருக்குப் போகவில்லை. ரயில்வேயில் இரவு வேலை பார்த்துப் பகலெல்லாம் தூங்கும் சித்தப்பாவுக்காக அந்த வீட்டில் கரண்டி கீழே விழுந்தாலும் குற்றம். பள்ளியிலோ என் தமிழின் இழுவையைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்ததால் வாயைத் திறப்பதையே நான் விட்டுவிட்டிருந்தேன். சில நாட்களில் காலை முதல் மாலை வரை ஒரு வார்த்தைகூடப் பேசியிருக்க மாட்டேன்.

முதல் நாள், குழுவை நடத்திய சலீம் அண்ணன் நோட்டைப் பார்த்துப் பெயர்களைக் கூப்பிட்டார். கடைவீதியில் தையல் கடை வைத்திருந்தவர் அவர், கணீரென்ற குரல். “கெம்பம்மா!” என்றதும் திடுக்கிட்டுப் போன என் வாயில் வீட்டுச் சொல்தான் வந்தது. “இல்லி” என்றேன். கன்னடத்தில் அதற்கு ‘இங்கே’ என்று பொருள். அவர் காதில் அது ‘இல்லை’ என்று விழுந்திருக்கிறது. “வரலியா? சரி” என்று பெயரை அடித்துவிட்டார். எழுந்து நின்று சொல்லியிருக்கலாம், துணிச்சல் வரவில்லை. ஆறு நாட்கள் யாருக்கோ துணைக்கு வந்தவளைப் போல மூட்டைகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

ஏழாம் நாள் அவரே கேட்டார். “ஏம் பாப்பா, தெனமும் வர்றியே, உம் பேரு என்ன?”

“கெம்பம்மாங்க.”

“அட, அன்னிக்குப் பேரு கூப்டப்ப ஆரோ இல்லன்னாங்களே?”

“நாந்தாங்க. இல்லின்னு சொன்னனுங்க. எங்க வூட்ல இல்லின்னா இங்கன்னு அர்த்தங்க.”

மண்டியே அதிரச் சிரித்தார்கள். அவர் அன்றைக்கே நாடகத்தில் ஒரு காட்சியைச் சேர்த்தார். ரேஷன் கார்டு எழுத வந்த அதிகாரி பெயர்களைக் கூப்பிடுவார், நான் ‘இல்லி’ என்பேன், அவர் அடித்துவிட்டுப் போவார். எனக்கு ஒரே ஒரு வசனம். அதன்பின் எல்லோரும் என்னை “இல்லி, இல்லி” என்று கூப்பிட்டார்கள், தோளில் கை போட்டார்கள். நான் பூரித்துப்போனேன். என் ஊர் எது, எனக்கு எத்தனை தம்பி தங்கை என்று மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

சந்தை நாளன்று மாலை நாடகம். சிக்கம்மா சொல்லி அனுப்பியிருந்ததால் கேழ்வரகு மாவும் மாங்காயும் நிறைந்த பையோடு என் அம்மா, எங்கள் பேச்சில் ‘அவ்வா’, இரண்டு பேருந்து மாறி வந்து முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருந்தாள். அதிகாரியாக நடித்த சலீம் அண்ணன் என் பெயரைக் கூப்பிட்டார். நான் ‘இல்லி’ என்றேன். அவர் அடித்தார். கூட்டம் சிரித்தது.

அவ்வா சிரிக்கவில்லை. பெண் சரியாகத்தானே பதில் சொன்னாள் என்று பதறி எழுந்து, மேடையைப் பார்த்துக் கை நீட்டி, “அல்லே அவளல்லா!” என்று கத்தினாள். அதோ அங்கேயே இருக்கிறாளே என்று அதற்கு அர்த்தம். கூட்டத்துக்கோ ‘அவள் அல்ல’ என்றுதான் கேட்டது.

“பெத்தவளே இவ இல்லங்கறாடா!” என்று எவனோ கத்தினான். சந்தையே விழுந்து விழுந்து சிரித்தது. அவ்வா நீட்டிய கையை மடக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். அந்த நேரத்தில் நான் செய்ததைச் சொல்ல இன்றும் நாக்கூசுகிறது. நானும் சேர்ந்து சிரித்தேன். முன்பின் தெரியாத யாரையோ பார்ப்பதுபோல் பார்த்துச் சிரித்தேன்.

பேருந்து நிறுத்தத்தில், எல்லோரும் எதற்குச் சிரித்தார்கள் என்று கேட்டாள். நீ சொன்னது அவ்வளவு நன்றாக இருந்தது என்றேன். அவள் வெட்கத்தில் முகம் சிவந்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இப்போது மண்டி இருந்த இடத்தில் செல்போன் கடைகள். குழுவும் மறு வருடமே கலைந்துபோயிற்று. என் பிள்ளைகளுக்கு நான் கன்னடம் சொல்லித்தரவில்லை. அவ்வா போன பிறகு அந்தப் பேச்சைப் பேச என் வீட்டில் ஒரு ஆளும் இல்லை. பொம்மிடி நாடகத்தில் தானும் ஒரு வசனம் சொன்னதாகவும் ஊரே மெச்சிச் சிரித்ததாகவும் அவள் கடைசிவரை எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு முறையும் “கேட்டுப் பாருங்க” என்று என்னைக் காட்டுவாள். நான் ஆமாம் என்பேன்.