ஃபெயில் என்று எப்படிச் சொல்வது?

போன சனிக்கிழமை மாலை என் காலடியில் ஒரு பை தேங்காய். எதிரே அந்தத் தேங்காயைக் கொண்டுவந்த பெண். என் கையில் அவருக்கு நான் போட்டிருந்த மார்க் — ஃபெயில்.

இதை எப்படிச் சொல்வது? நீங்களே சொல்லுங்களேன்.

பத்தி எழுத வருவதற்கு முன் நான் நாடக மேடையில் இருந்தவள் என்பது வழக்கமாகப் படிப்பவர்களுக்குத் தெரியும். மேடையை விட்டபிறகு மிச்சம் இருப்பவை இரண்டு. ஒன்று முழங்கால் வலி. இன்னொன்று, நடிப்புப் பயிற்சி சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களைத் தயார் செய்யும் வேலை. ஆர்.எஸ்.புரத்தில் ஒரு பட்டுச்சேலைக் கடைக்கு மேலே ஹால். சனி, ஞாயிறு வகுப்பு. கடைசியில் ஒரு பரீட்சை. தேறினால் சர்டிஃபிகேட்.

பயிற்சி என்னவோ கேட்பதற்கு எளிதுதான். இரண்டு பேர் எதிரெதிரே நாற்காலி போட்டு உட்கார வேண்டும். எதிராளியிடம் இந்த நிமிஷம் என்ன தெரிகிறதோ அதை ஒருவர் சொல்ல வேண்டும். “நீங்க சிரிக்கறீங்க.” மற்றவர் அதையே திருப்பிச் சொல்ல வேண்டும். “நான் சிரிக்கறேன்.” சிரிப்பு போய் எரிச்சல் வந்தால், “உங்களுக்கு எரிச்சல் வருது.” எழுதி வைத்த வசனம் கிடையாது. நாசூக்கு கிடையாது. பார்த்ததை அப்படியே சொல்லிப் பழகினால்தான் மேடையில் எதிரே நிற்பவரைக் கவனிக்க வரும். ஆசிரியரின் வேலை? யாராவது மரியாதைக்காகப் பொய் சொன்னால் அந்த இடத்திலேயே நிறுத்தி, “அது பொய், மறுபடி பாருங்க” என்பது.

இந்த வெளிநாட்டுப் பயிற்சியைக் கொண்டுவந்து கோயமுத்தூரில் நடத்தலாம் என்று நினைத்தேன் பாருங்கள்... என் புத்தியை என்ன சொல்ல?

நம் ஊரில் யார், யார் முகத்தைப் பார்த்து உள்ளதைச் சொல்லியிருக்கிறார்கள்? பெண் பார்க்கப் போவார்கள். பிடிக்காது. ஆனாலும் பஜ்ஜியைச் சாப்பிட்டு, காப்பியைக் குடித்து, “ஊட்டுக்குப் போயி கலந்துக்கிட்டுச் சொல்றோமுங்க” என்று கும்பிட்டுவிட்டு வருவார்கள். அப்புறம் போன் வராது. பெண் வீட்டுக்கும் புரிந்துவிடும். ஒரு காரியமாக யாரையாவது கேட்டு, அவர் “பாக்கலாமுங்க” என்றால் நடக்காது என்று அர்த்தம். ‘முடியாது’ என்ற சொல் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் வாயிலிருந்து வந்து நான் கேட்டதே இல்லை. இந்த மரியாதையால்தான் அடிதடி இல்லாமல் காலம் ஓடுகிறது, மறுக்கவில்லை. ஆனால் நடிப்பு வகுப்பு ஓட வேண்டாமா?

சுகந்திக்கு வருகிறேன். பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தனியார் பள்ளியில் நாடக டீச்சர். வரும் ஜூனிலிருந்து சர்டிஃபிகேட் இருப்பவருக்குத்தான் அந்த வேலை என்று பள்ளி கரஸ்பாண்டெண்ட் சொல்லிவிட்டார். இல்லாவிட்டால் மறுபடி எல்.கே.ஜி.க்கு உதவி டீச்சராகப் போக வேண்டியதுதான். “குழந்தைகளுக்கு மூக்குத் தொடச்சு உடறதுக்கு யாரு வேணா இருக்கலாமுங்க மேடம். நாடகம் என்னோடதுங்க” என்று ஒருமுறை என்னிடம் சொன்னார். ஒரு வகுப்பைக்கூடத் தவறவிட்டதில்லை. அவ்வளவு தூரம் பஸ்ஸில் வந்து, உள்ளூர்க்காரர்கள் வருமுன் நாற்காலிகளைப் போட்டு வைத்திருப்பார்.

பரீட்சை நாளன்று வந்தபோதே கையில் இரண்டு பை. எனக்கொன்று, சென்னையிலிருந்து வந்திருந்த இன்னொரு தேர்வாளர் பிரபாகருக்கு ஒன்று. “நம்ம தோட்டத்துக் காய்ங்க.”

பிரபாகர் என் காதருகே குனிந்தார். “மேடம், இது லஞ்சமா?”

“இல்லை. பொள்ளாச்சி” என்றேன்.

சுகந்தியிடம், “காய் அருமைங்க” என்றேன். பையைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. அப்படிச் சொல்வதுதானே வழக்கம்?

பரீட்சை என்றால், எங்கள் முன்னால் ஒரு வகுப்பு எடுத்துக் காட்டுவது. மாணவர்களாக உட்கார்ந்தது கூடப் படிக்கும் செந்திலும் கவிதாவும். செந்திலுக்கு ஊர் மதுக்கரை; அதிர்ந்து பேசாத மனிதர். கவிதா காலையில் வீட்டில் ஏதோ சண்டை போட்டுவிட்டு வந்திருந்தார். கண் இரண்டும் சிவந்து வீங்கியிருந்தன. ஹாலில் இருந்த எல்லோருக்கும் தெரிந்தது.

செந்தில் அந்தக் கண்களைப் பார்த்துச் சொன்னார்: “நீங்க நல்லா இருக்கீங்க.”

“நான் நல்லா இருக்கேன்.”

“நீங்க சந்தோஷமா இருக்கீங்க.”

“நான் சந்தோஷமா இருக்கேன்” என்றார் கவிதா, மூக்கை உறிஞ்சிக்கொண்டே.

சுகந்தி இங்கே நிறுத்த வேண்டும். அவருக்கும் தெரிந்தது. வாயைத் திறந்தார். கையைக்கூடப் பாதி தூக்கினார். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். சொல்லும்மா, ஒரே வார்த்தை...

“சூப்பருங்க” என்றார் சுகந்தி. “நல்லா போயிட்டிருக்குதுங்க. அப்படியே பண்ணுங்க.”

போச்சு. பிரபாகர் பேனாவை மூடினார். எனக்கும் அவரை மறுத்துப் பேச வழியில்லை. தேறாதவர்களுக்கு உள்ளூர்ப் பயிற்சியாளர்தான் நேரில் சொல்ல வேண்டும் என்பது விதி. அதனால் பிரபாகர் ரயிலுக்குக் கிளம்பிவிட்டார் — தேங்காய்ப் பையோடு.

நானும் சுகந்தியும் மட்டும்.

“டீ குடிச்சீங்களா?” என்றேன்.

“குடிச்சேனுங்க.”

“பஸ்ஸெல்லாம் கிடைக்குமில்ல?”

“நெறைய இருக்குதுங்க.”

“உங்க பக்கம் மழையா?”

“இல்லீங்க.”

வேறென்ன கேட்பது? “காய் ரொம்ப அருமைங்க” என்றேன், இரண்டாவது முறையாக. நாள் முழுக்க உட்கார்ந்து முழங்கால் விண்விண் என்று தெறித்தது. வீட்டுக்குப் போய்ப் படுத்தால் போதும் என்றிருந்தது. ஒரு மெயில் அனுப்பிவிட்டால் என்ன என்றுகூட யோசித்தேன். வெட்கக்கேடு, ஆனால் யோசித்தேன்.

சுகந்தி ஒரு நாற்காலியை இழுத்து என் எதிரே போட்டு உட்கார்ந்தார்.

“நீங்க என்னையப் பாக்க மாட்டேங்கறீங்க.”

பழக்க தோஷம். வாய் தானாகத் திருப்பிச் சொன்னது. “நான் உங்களைப் பாக்க மாட்டேங்கறேன்.”

“உங்களுக்குச் சங்கடமா இருக்குது.”

“எனக்குச் சங்கடமா இருக்குது.”

“என்னைய ஃபெயில் பண்ணிப்போட்டீங்க.”

“உங்களை... ஃபெயில் பண்ணிப்போட்டேன்.” சொல்லிவிட்டேன். சொன்னதும் பதறிப்போய், “ஆனா நீங்க ரொம்ப நல்லா...” என்று ஆரம்பித்தேன்.

“நிறுத்துங்க மேடம். அது பொய்.”

எனக்குச் சிலிர்த்துவிட்டது. கூடவே கோபமும் வந்தது. “இதே வார்த்தையை மத்தியானம் செந்தில்கிட்டச் சொல்லியிருந்தா நீங்க பாஸுங்க!”

சுகந்தி குரலை உயர்த்தவில்லை. “ஏனுங்க மேடம், நான் யாரையும் நிறுத்த மாட்டேங்கறேன்னு உங்களுக்கு இன்னைக்குத்தான் தெரிஞ்சுதுங்களா?”

இல்லை. முதல் மாதமே தெரியும்.

“அப்ப ஒரு நாளாச்சும் சொல்லியிருக்கலாமுல்லீங்க? வாராவாரம் ‘சூப்பருங்க சுகந்தி’ன்னுதானுங்க சொன்னீங்க. நான் உங்களைப் பாத்துத்தானுங்க கத்துக்கிட்டேன்.”

கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவ்வளவு தூரத்திலிருந்து வருகிறாரே, மனம் நோகக்கூடாது என்றுதான் சொல்லாமல் இருந்தேன். அப்படித்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். நோகாமல் காப்பாற்றியது யாரை? சொல்லும் சிரமம் எனக்கு மிச்சமாயிற்று. அவருக்கு வேலை போயிற்று.

ஏதாவது செய்ய வேண்டுமே. அவருடைய கரஸ்பாண்டெண்டைப் போனில் பிடித்து, ஸ்பீக்கரில் போட்டேன். சுகந்தி பக்கத்தில் இருக்கிறார் என்பதையும் சொன்னேன். அடுத்த பேட்ச்சில் கட்டாயம் தேறிவிடுவார், அதுவரை அந்த இடத்தைக் காலியாக வைத்திருக்க முடியுமா என்று கேட்டேன். அவர் பொறுமையாகக் கேட்டார். என் மூட்டு வலியை விசாரித்தார். நல்ல எண்ணெய் ஒன்று சொன்னார். பிறகு, “அதுக்கென்னங்க மேடம், பாக்கலாமுங்க” என்றார்.

நானும் சுகந்தியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம்.

சுகந்தி போனை என் கையிலிருந்து வாங்கினார். “ஐயா, முடியாதுன்னுதானுங்க சொல்றீங்க?”

அந்தப் பக்கம் ஒரு செருமல். அப்புறம், “ஆமா கண்ணு. வேற ஆளுகிட்டப் பேசிப்போட்டோம். உன்ரகிட்ட எப்படிச் சொல்றதுன்னுதான்...” என்று இழுத்தார்.

“சரிங்கய்யா” என்று போனை வைத்தார்.

எப்படிச் சொல்வது, எப்படிச் சொல்வது... இந்த ஊரில் எல்லோரும் இதையே நினைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருக்கிறோம். நம்மைச் சுற்றி எத்தனை சுகந்திகள், நமக்கெல்லாம் எப்போதோ தெரிந்துவிட்ட ஒன்றைத் தெரிந்துகொள்ளாமலே பஸ் ஏறி வந்து போகிறார்கள்?

சுகந்தி எழுந்து நாற்காலிகளை அடுக்கினார். வேண்டாம் என்றேன், கேட்கவில்லை. வாசலில் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பினார். “காய் அருமைன்னு ரெண்டு வாட்டி சொன்னீங்க. ஒடச்சுப் பாத்துட்டுச் சொல்லுங்க மேடம். வாரேனுங்க.”

வீட்டில் ஒவ்வொன்றாக உடைத்தேன். எல்லாம் நல்ல காய், ஒன்றைத் தவிர. அது முழு அழுகல். வீடெல்லாம் நாற்றம். பரீட்சைக்கு வந்த இடத்தில் கொடுத்த காய் அழுகல் என்று யாராவது வாயால் சொல்வார்களா? அபசகுனம் அல்லவா? போதாததற்கு வேலையும் போயிருக்கிறது. சட்னி அரைத்தோம், ருசியாக இருந்தது என்று சொல்லிக்கொள்ளலாம் என்று முடிவு செய்தேன்.

புதன்கிழமை போன் வந்தது.

“ஏனுங்க மேடம், காய் எப்படி இருந்துதுங்க?”

“எல்லாம் அரு...” வரை வந்துவிட்டேன். எதிர்முனையில் அவர் காத்திருப்பது கேட்டது.

“ஒண்ணு அழுகலுங்க சுகந்தி.”

“சரிங்க மேடம்” என்றார். “அப்ப அடுத்த பேட்ச்சுக்கு எம்பேரைச் சேத்திக்கோங்க.”