மெமரி கார்ட் இல்லாத வீரன்

அந்தக் கேம் வரிசையில் புதிய பாகம் வெளிவருகிறது என்றால், வேலைத்தளத்தில் காய்ச்சல் என்று பொய் சொல்லி லீவு போடுகிற ஆள் நான். வாளும் மந்திரமும் பறக்கும் மிருகங்களுமாக நீண்டுகொண்டே போகிற வரிசை அது. பாகத்துக்குப் பாகம் ஆட்கள் வேறு, உலகம் வேறு. ஆனாலும் தொடக்கத்தில் வருகிற அந்த இசை மட்டும் மாறாது. அதைக் கேட்டதும் எனக்கு உடம்பு சிலிர்த்துவிடும். “கலியாணம் முடிச்ச பொம்புள செய்ற வேலையா இது?” என்று மாமி முகத்தைச் சுளிப்பார். சுளிக்கட்டும். இந்தப் பைத்தியம் எனக்குப் பிடித்தது நுரைச்சோலையில், எங்கள் வீட்டு முன்னறையில், நான் ஐந்தாம் வகுப்புப் படித்த வருடத்தில்.

எங்கள் நானா, அதாவது என் ஒரே அண்ணன், மீசை சரியாக முளைக்க முதலே கட்டாருக்குப் போயிருந்தார். ஊருக்குத் திரும்பி வந்த ஒருவரிடம் அவர் கொடுத்தனுப்பிய பொதியில் சவர்க்காரம், பால்மா, உம்மாவுக்கு ஒரு கறுப்பு அபாயா, எல்லாவற்றுக்கும் நடுவில் போர்வையால் சுற்றிய பழைய கேம் பெட்டி ஒன்று. கூடவே ஒரேயொரு டிஸ்க். அதில் அந்த வரிசையின் பழைய பாகம் இருந்தது. இல்லாதது மெமரி கார்ட்தான். அந்தச் சின்னத் துண்டு இருந்தால்தான் விளையாடிய இடத்தைச் சேமித்து வைக்கலாம். அது இல்லாவிட்டால், பெட்டியை நிறுத்திய மறு நிமிடம் எல்லாம் போச்சு, திரும்பவும் முதலிலிருந்துதான்.

நானா போன் எடுத்தபோது அழாக்குறையாகச் சொன்னேன்.

“நான் லீவுல வரக்குள்ள கொண்டு வாறன் தங்கச்சி.”

“நீங்க வராட்டியும் பரவால்ல நானா, கார்ட மட்டும் யாருட்டயாச்சும் குடுத்தனுப்புங்களே!”

உம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனைப் பறித்துக்கொண்டார்.

பிறகு நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். பெட்டியை நிறுத்தினால்தானே பிரச்சினை? நிறுத்தாமலே விட்டுவிடுவது. டீவியை மட்டும் அணைத்துவிட்டுப் பள்ளிக்கூடம் போவேன். பெட்டி இரவும் பகலும் உறுமிக்கொண்டே கிடக்கும். “பத்திப் புடிச்சா என்ன செய்ற?” என்று வாப்பா இரண்டு நாள் கத்தினார். பிறகு வெங்காயத் தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சுகிற வேலையில் அதை மறந்துபோனார்.

கதை இப்படித் தொடங்கும். மலையடிவாரத்தில் ஒரு சின்ன வீடு. மேல்மாடியில் ஒரு பையன் தூங்குகிறான். கீழேயிருந்து அவனுடைய தாய் கூப்பிடுகிறாள். அவன் எழுந்து படியிறங்கி வந்து, தகப்பனின் வாளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறான். தாய் வாசலில் நின்று கை காட்டுகிறாள். அதற்குப் பிறகு காடு, காட்டைத் தாண்டிப் புல்வெளி, புல்வெளி முடிகிற இடத்தில் ஒரு துறைமுகம். அங்கே கப்பல் ஏறி அக்கரைக்குப் போனால்தான் உண்மையான கதையே. எனக்கு அந்த அக்கரையைப் பார்த்தே ஆகவேண்டும். வேறு எந்த ஆசையும் அப்போது எனக்கு இருக்கவில்லை. அந்தப் புல்வெளியில் எப்போதும் காற்று அடிக்கும். வானம் மெதுவாக ஊதா நிறமாகும். எங்கள் வீட்டுக்கு வெளியிலும் சோளகக் காற்று தென்னைகளைப் பிடித்து ஆட்டிக்கொண்டிருக்கும். கேமிலே கேட்கிற கடல் எது, தென்னந்தோப்புக்கு அப்பால் கேட்கிற எங்கள் கடல் எது என்று தெரியாமல் சில பின்னேரங்களில் அப்படியே கிறங்கிப்போய் உட்கார்ந்திருப்பேன்.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்து டீவியைப் போட்டால், புல்வெளியில் விட்டுப்போன வீரனைக் காணோம்! யாரோ ஒரு கிழவருடைய வீட்டுக்குள், மேசையில் பாணும் சூப்பும் வைத்திருந்த இடத்தில் நிற்கிறான். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

“உம்மா! யாரு இத தொட்டது?”

உம்மா குசினியிலிருந்து தேங்காய் துருவிக்கொண்டே சொன்னார்: “நான்தான் புள்ள. நாடகம் பாக்கலாமெண்டு டீவியப் போட்டன். அந்தப் புள்ள வெட்டவெளியில தனிய நிக்கிறான். கால் மாத்தி மாத்தி நிக்கிறான், அங்கிட்டும் இங்கிட்டும் பாக்கிறான், தலையச் சொறியிறான். பாவமா இருந்திச்சு. கூட்டிப்போய் ஊட்டுக்குள்ள விட்டன்.”

“உம்மா, அது கேம்!”

“கேமெண்டா? வெயில்ல நிக்கவச்சிட்டு நீ பாட்டுக்குப் போயிடுவ.”

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. ரிமோட்டில் சத்தம் கூட்டவே என்னைக் கூப்பிடுகிற உம்மா, எப்படித்தான் அந்தப் பொத்தான்களைப் பழகினாரோ! அன்றிலிருந்து நான் பள்ளிக்கூடம் போனதும் வீரனுக்கு உம்மாதான் பொறுப்பு. மத்தியான லுஹர் தொழுது முடித்ததும் அவனை நிழலுக்குக் கூட்டிப்போவார். பின்னேரங்களில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்வார். ஆங்கிலத்தில் வருவதை நான் எனக்குத் தெரிந்தமாதிரி தமிழில் சொல்வேன். யார் என்ன சொன்னாலும் உம்மா கேட்பது ஒன்றுதான்: “அவன் சாப்பிட்டானாமா?”

ஐந்தாறு நாளில் துறைமுகத்துக்கு வந்துவிட்டேன். கப்பல்காரனோடு பேசிக்கொண்டிருக்கும்போது, பட்டென்று கரன்ட் போனது. முற்றத்தில் நின்று பார்த்தால் நிலக்கரி மின்நிலையத்தின் புகைபோக்கி தென்னைகளுக்கு மேலே தெரியும். நாட்டுக்கே அங்கிருந்துதான் வெளிச்சம் போகிறது என்று பள்ளிக்கூடத்தில் பெருமையாகச் சொல்லித் தருவார்கள். விளக்கடியில்தான் இருட்டு என்பது சும்மா சொன்ன சொல்லா? நான் தரையில் விழுந்து புரண்டு அழுதேன்.

கரன்ட் வந்ததும் வேறு வழியில்லாமல் பெட்டியைப் போட்டேன். அதே மலையடிவாரம், அதே மேல்மாடி, தூங்குகிற அதே பையன்.

உம்மா கண்ணை அகல விரித்தார். “இது எந்த இடம்? அவன்ட ஊடா?”

“ஓம். முதல்ல இருந்து வந்திட்டுது.”

“உம்மாட்டயே வந்து சேந்திட்டான்! அல்ஹம்துலில்லாஹ்!”

எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவேயில்லை. மாதக்கணக்காகப் பார்க்காத முகத்தைப் பார்த்ததுபோல உம்மா சிரித்துக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகுதான் எங்களைச் சனியன் பிடித்தது. நான் துறைமுகத்தை நெருங்குகிற நேரமாகப் பார்த்துக் கரன்ட் போகத் தொடங்கியது. பெரும்பாலும் நான் பள்ளிக்கூடத்தில் இருக்கும்போதே போய்விடும். நான் வீடு திரும்பும்போது பக்கத்து வீட்டில் மிக்ஸி ஓடுகிற சத்தம் கேட்கும்; எங்கள் வீடு மட்டும் செத்துக் கிடக்கும்.

“அவங்கட லைன் வேற, நம்மட லைன் வேற புள்ள,” என்பார் உம்மா. உம்மா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்பினேன். மின்சாரக்காரர்களைப் பிடித்து வாய்க்கு வந்தபடி ஏசுவேன். உம்மாவும் கூடச் சேர்ந்து ஏசுவார்.

நோன்புப் பெருநாளுக்கு நானா வருவதாக இருந்தது. பெருநாளுக்கு முந்திய வாரம் போன் எடுத்தார். முதலாளி லீவு தரவில்லையாம். இன்னும் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்தத்தை நீட்டிவிட்டார்களாம். வாப்பா மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனார். உம்மா, “சாப்பிட்டியா மகன்?” என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனை வைத்தார். எனக்கும் பெரிய கவலைதான். இன்னும் இரண்டு வருடத்துக்கு மெமரி கார்ட் இல்லை!

மறுநாள் காலையில், பள்ளிக்கூடம் போகமுதல், ஒருவழியாக வீரனைக் கப்பலில் ஏற்றிவிட்டேன். முதல்முறை! பாய்மரம் விரிந்து கப்பல் அசைந்தது. பாதி வழியில் விட மனமில்லாமல் டீவியை மட்டும் அணைத்தேன். “உம்மா, இண்டைக்கு இவன எங்கயும் கூட்டிப் போகாதீங்க, கடலுக்க நிக்கிறான். நான் வந்து அக்கரைக்குப் போறன்,” என்று சொல்லிவிட்டு ஓடினேன். அன்று ஆசிரியர் சொன்ன ஒரு சொல்லும் காதில் ஏறவில்லை.

பின்னேரம் மூச்சு வாங்க ஓடிவந்து பார்த்தால், டீவியில் கடல் இல்லை. மலையடிவார வீடு. மேல்மாடியில் அவன் தூங்கிக்கொண்டிருக்கிறான். கீழேயிருந்து தாய் கூப்பிடுகிற வசனம் திரையில் வந்து நிற்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் எழும்பிவிடுவான். உம்மா பொத்தானை அழுத்தாமல், நோன்போடு வெறுந்தரையில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். கண் சிவந்திருந்தது.

“கரன்ட் போயிட்டுதா?” என்று கத்தினேன்.

“ஓம் புள்ள.”

“அநியாயக்காரனுகள்! கப்பல்லயே ஏத்திட்டனே உம்மா!”

“ஓம் புள்ள, அநியாயம்தான்.” உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். “இப்ப எழுப்பாத. கொஞ்ச நேரம் அவன்ட ஊட்டில படுக்கட்டும்.”

உம்மாவின் குரல் ஒருமாதிரியாக இருந்ததால் நானும் அடங்கிப்போனேன். உட்கார ஏதாவது கிடைக்குமா என்று திரும்பினேன். சாப்பாட்டு மேசையடியில் இருக்கவேண்டிய கதிரை, முன்வாசல் சுவரோரம், மெயின் சுவிட்சுக்கு நேர் கீழே கிடந்தது. உம்மா குள்ளம், தரையில் நின்றால் அவருடைய கை அங்கே எட்டாது. நான் அந்தக் கதிரையை இழுத்துவந்து டீவிக்கு முன்னால் போட்டு ஏறி உட்கார்ந்து, அவன் எழும்பும்வரை உம்மாவோடு காத்திருந்தேன்.