நான் எடுத்த துணைப்பாடம்

பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருக்கிறது. போன வாரம் ஒரு படிவத்தைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"டீச்சர், துணைப்பாடமா எத எடுக்கலாம்? சமூகவியலா, பொருளியலா?"

"பொருளியல் எடும்மா" என்றேன். அவள் கேட்டு முடிப்பதற்குள் பதில் வந்துவிட்டது.

"நீங்க சமூகவியல்தான படிச்சீங்க?"

ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, அடுப்பில் ஏதோ இருப்பதுபோல உள்ளே போய்விட்டேன். அடுப்பில் ஒன்றுமில்லை. அவளிடம் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கத்தில் நான் இலங்கையின் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன். தேயிலைத் தோட்டத்திலிருந்து அங்கே போன பெண்கள் அரிது. அதனால் எனக்குத் தலைக்கனமும் கொஞ்சம் உண்டு. டயகமப் பக்கம் ஒரு தோட்டத்தில் அப்பா மருந்து கொடுப்பவர். மேட்டில் எங்கள் குவார்ட்டர்ஸ், வாசலில் ரோஜாச் செடி. பள்ளத்தில் தொழிலாளர்கள் குடியிருக்கும் லயங்கள். விடிகாலையில் அங்கிருந்து ஏறிவரும் விறகுப் புகையின் வாசனையும் இருமல் சத்தமும் எனக்குப் பழக்கம். அதை வைத்தே தோட்டம் எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

பூகோளம் முதன்மைப் பாடம். துணைப்பாடமாகச் சமூகவியலை எடுத்தேன். "நம்ம சனங்களுக்காக எடுத்தேன்" என்று பிற்காலத்தில் மேடைகளில் சொல்லியிருக்கிறேன். உண்மை வேறு. பொருளியல் வகுப்பு காலை எட்டு மணிக்கு, அதுவும் ஒரு செங்குத்தான மேட்டின் உச்சியில். சமூகவியல் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு. அவ்வளவுதான்.

விடுமுறைக்குப் போகும்போது விரிவுரையாளர் ஒரு கட்டுப் படிவங்களைக் கொடுத்தார். ரோனியோ மெஷினில் நகலெடுத்தவை. அந்த மை காய்ந்த பிறகும் மண்ணெண்ணெய் போல ஒரு வாடை அடிக்கும். பிறகு ஆசிரியையாக இருந்த காலம் முழுக்க, வினாத்தாள் கட்டைப் பிரிக்கும்போதெல்லாம் அந்த வாடை தாங்காமல் ஜன்னலோரம் போய் நின்றுவிடுவேன். பிள்ளைகள் எனக்கு ஆஸ்துமா என்று பேசிக்கொண்டார்கள்.

தோட்டத்தில் பத்துக் குடும்பங்களைக் கேட்டு எழுத வேண்டும். கேள்விகள் ஆங்கிலத்தில். நான் தமிழாக்கிக் கேட்டு, பதிலை ஆங்கிலத்தில் எழுதிக்கொள்வேன். முதலில் போனது செல்லம்மா அக்காவிடம். கொழுந்து பறிப்பவர், முப்பத்தைந்து வயதிருக்கும். பிள்ளைகளுக்கு இருமல் மருந்து வாங்க எங்கள் வாசலுக்கு வந்தவரை எனக்குத் தெரியும். லயத்தில் அவர் காம்பராவுக்குள் நான் காலெடுத்து வைத்தது அன்றுதான். ஒரே அறை. பலகைப் பெட்டியைச் சேலை முந்தானையால் துடைத்து உட்காரச் சொன்னார்.

பூர்வீகம் எது என்ற ஏழாவது கேள்வியைச் 'சொந்த ஊர்' என்று தமிழாக்கினேன்.

"எங்க ஊருங்களா பாப்பா? துறையூருப் பக்கம்."

"போயிருக்கீங்களாக்கா?"

"நான் எங்க போக? எங்கப்பன் சொல்லக் கேட்டதுதான். நான் பொறந்தது இந்தக் காம்பராவுல."

அதை எழுத அந்தப் படிவத்தில் கட்டம் இல்லை. 'துறையூர், தென்னிந்தியா' என்று எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருந்தது.

கிளம்பும்போது தயங்கித் தயங்கிக் கேட்டார். "பாப்பா, இதுல ஒரு தாளு எனக்குக் குடுப்பீங்களா? எம்பேரு போட்ட தாளு எங்கிட்ட ஒண்ணுகூட இல்ல."

எனக்குப் பெருமை. இன்னொரு படிவத்தில் எல்லாவற்றையும் பெயர்த்தெழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, பல்கலைக்கழக மாணவி என்றும் சேர்த்துக் கொடுத்தேன். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

இலங்கை சுதந்திரம் பெற்ற கையோடு, இந்திய வம்சாவளி என்று சொல்லி எங்கள் சனங்களுக்குக் குடியுரிமை இல்லாமல் போனது உங்களுக்குத் தெரியும். விண்ணப்பம் போட்டவர்கள் விசாரணைக்காக வருடக்கணக்காகக் காத்திருந்தார்கள். செல்லம்மா அக்கா குடும்பமும் அப்படித்தான். அடுத்த விடுமுறைக்கு நான் வந்தபோது அந்த விசாரணை முடிந்திருந்தது. மனு தள்ளுபடி. அவரே வந்து சொன்னார், வாசலில் நின்றுகொண்டு.

"பத்திரம் இருக்கான்னு கேட்டாருங்க அந்த ஐயா. ஒங்க தாளத்தான் மொதல்ல குடுத்தேன். படிச்சுட்டு, ஒன் ஊரு இந்தியாதானேன்னாரு. எங்கப்பன் ஊருங்கன்னேன். அதையே எழுதிக்கிட்டாரு."

ரோஜாச் செடியில் ஒரு காய்ந்த இலையைக் கிள்ளினேன்.

"ஆனா பாப்பா, ஒங்க எழுத்து முத்துமுத்தா இருக்குன்னு அவரே சொன்னாரு."

அதை எனக்குச் சந்தோஷமான செய்தியாகத்தான் சொன்னார். கோபித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

தப்பு என்னுடையது, அவர் பிறந்தது இங்கேதான் என்று விளக்கி மேலிடத்துக்கு மூன்று கடிதம் எழுதினேன். பதில் வரவில்லை. "அந்த ஒரு தாளாலதான்னு நினைக்காதம்மா. வேற பத்திரமும் இல்லையே அவங்ககிட்ட" என்றார் அப்பா. இருக்கலாம். அந்தத் தாள் இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. இறுதித் தேர்வில் பூகோளத்தைவிடச் சமூகவியலில்தான் எனக்கு அதிக மதிப்பெண் வந்தது.

இரண்டொரு வருடத்தில் அவர்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டார்கள். தலவாக்கலை ஸ்டேஷனுக்கு நானும் போனேன். தகரப் பெட்டிகளுக்கும் அழுகைக்கும் நடுவில் அவர் என் கையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"நீங்க பூகோளம் படிச்சவுங்கல்ல பாப்பா. துறையூரு எப்புடி இருக்கும்? குளிருமா?"

"குளிராதுக்கா. வெயில்தான்."

"மல இருக்குமா?"

தூரத்தில் இருக்கும் என்றேன். அதைக் கேட்டதும் முகம் கொஞ்சம் தெளிந்தது. ரயில் நகர்ந்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை. மலைகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தலைமன்னாரில் கப்பலேறியதாகக் கேள்விப்பட்டேன். கடிதம் வரவில்லை. அவருக்கு எழுதத் தெரியாது. எனக்குத் தெரியும்தான், ஆனால் முகவரி என்று 'துறையூர் பக்கம்' என்பதைத் தவிர என்னிடம் என்ன இருந்தது?

இப்போது அந்த ரயிலும் கப்பலும் இல்லை. அப்பாவின் குவார்ட்டர்ஸ் கூரையில்லாமல் நிற்கிறது. சில வருடங்களுக்கு முன் ஒருமுறை போயிருந்தேன். லயத்தை இடித்துத் தேயிலை வைத்துவிட்டார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களில் ஒருத்தி நான் நிற்பதைப் பார்த்து, "யாரத் தேடுறீங்கம்மா?" என்றாள்.

செல்லம்மா அக்காவின் பெயரைச் சொன்னேன். அவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"அப்புடி யாரும் இங்க இருந்ததில்லீங்களே" என்றாள் அவள், மரியாதையாக.