பம்பைக் கரையில் தள்ளி உட்கார்ந்தேன்

மூன்று வருடங்களுக்கு முன்னால், ஒரு மார்கழி மாதம். திருவொற்றியூரிலிருந்து எங்கள் தெரு ஆட்களோடு சபரிமலைக்குப் போனேன். எருமேலியில் வேனை விட்டு இறங்கி, காட்டு வழியாக நாள்கணக்கில் நடக்கும் பெரிய பாதை. எண்ணூர் பக்கம் கன்டெய்னர் யார்டில் வேலை பார்க்கிறவன் நான். மேடு என்றால் எனக்குத் தெரிந்தது ரயில்வே மேம்பாலம் ஒன்றுதான். அப்படிப்பட்டவன் மலையேறக் கிளம்பியது பக்தியால் அல்ல, பயத்தால்.

அப்பாவுக்கு, எங்கள் நைனாவுக்கு, நெஞ்சு சரியில்லை. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய உடம்பு, படுத்த இடத்தில் மூச்சுக்குத் தவித்துக்கொண்டிருந்தது. ஆஸ்பத்திரியிலும் கையை விரித்துவிட்டார்கள். நைனாவைக் காப்பாற்றிக் கொடு, பெரிய பாதையில் நடந்தே வருகிறேன் என்று வேண்டிக்கொண்டு மாலை போட்டேன்.

எங்கள் கோஷ்டியில், எங்களை நடத்திக் கூட்டிப்போகும் குருசாமியைத் தவிர யாரும் போன் எடுத்துவரக் கூடாது. குருசாமி என்றால் பெரியவர் யாரோ என்று நினைக்க வேண்டாம். எங்கள் தெருவிலேயே வெல்டிங் பட்டறை வைத்திருக்கும் என் பள்ளிக்கூட தோஸ்துதான். மாலை போட்டுவிட்டால் எனக்கு அவன் 'சாமி', அவனுக்கு நான் 'சாமி'.

கடைசி நாள் கரிமலை இறக்கத்தில் என் முட்டி கழன்றே போய்விட்டது. பாதமெல்லாம் கொப்புளம். பம்பையை நெருங்கும்போதுதான் அவன் போனுக்கு சிக்னல் கிடைத்தது. தள்ளிப் போய்ப் பேசினான். பேசியது என் அம்மா. அன்று விடியற்காலையிலேயே நைனா போய்விட்டார். அதைச் சொல்லிவிட்டு, என்னிடம் சொல்ல வேண்டாம், படியேறி முடிக்கட்டும் என்றும் அம்மா சொல்லியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும்.

"வூட்ல இன்னா சொன்னாங்க சாமி?" என்று கேட்டேன்.

"எல்லாம் நல்லாத்தான் கீது. நட சாமி" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

சாவு விழுந்த வீட்டுக்காரன் மாலையோடு படியேறக் கூடாது. ஆனால் சேதி காதில் விழாதவரை தீட்டு இல்லை என்றும் எங்கள் பக்கம் சொல்வார்கள். அந்த நம்பிக்கையில்தான் அவன் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கிறான்.

பம்பையில் குளித்துவிட்டு, அப்பா இல்லாத சாமிகள் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். அப்பா இருக்கிறவர்கள் தள்ளிப் போய் உட்கார வேண்டும். நான் ஈரத் துண்டோடு ஒரு பாறைமேல் ஜம்மென்று உட்கார்ந்துகொண்டேன். இடுப்பளவுத் தண்ணீரில் நின்றிருந்த குருசாமி, கையில் எள்ளை வைத்துக்கொண்டு என்னையே பார்த்தான்.

"இன்னா சாமி அப்டி பாக்குற? எங்க நைனா குத்துக்கல்லாட்டம் கீறாரு. எனுக்கு அங்க வேலையில்ல" என்று சொல்லிச் சிரித்தேன்.

அவன் சட்டென்று தண்ணீருக்குள் முங்கினான். ரொம்ப நேரம் தலையைத் தூக்கவில்லை.

நீலிமலை ஏற்றத்தில் யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. சரணம் சொல்கிற குரலும் இறங்கிப்போயிருந்தது. எல்லோருக்கும் களைப்பு என்று நினைத்தேன். எப்படியோ படியேறி, தள்ளுமுள்ளில் சன்னிதி முன்னால் கண்மூடித் திறக்கும் நேரம்தான் நின்றேன். எங்கள் நைனாவுக்கு மூச்சைக் கொடு என்று மட்டும் கேட்டேன். ஐயோ, ஐஸ் பெட்டிக்குள் படுத்திருந்த மனுஷனுக்கு மூச்சு கேட்டிருக்கிறேன்.

மலையிறங்கி வந்து வேன் ஏறப் போகும்போது குருசாமி என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

"மாலைய இங்கயே கழட்டிடு மாமு."

வீட்டு வாசலில் தேங்காய் உடைத்து, அம்மா கையால் கழற்றுவதுதான் வழக்கம். அதைவிட, இத்தனை நாள் 'சாமி' என்றவன் 'மாமு' என்றதும் நான் மாலையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"உங்க நைனா பூட்டாருடா. காலீலயே" என்றான்.

அவன் துண்டைப் பிடித்து உலுக்கினேன். "தெரிஞ்சிக்கினேவா என்னை மேல ஏத்துன? இனிமே என் மூஞ்சிலயே முழிக்காத!" அவன் அடி வாங்கத் தயாராக நிற்பதுபோல் நின்றான். சென்னை வரும்வரை அவனோடு நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

தெருமுனையிலேயே பந்தல் தெரிந்தது. பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டு, மைக் வைத்து சாவுக்கு கானா பாடிக்கொண்டிருந்தார்கள். நைனா காலைக்கூடத் தொடாமல் நேராக அம்மாவிடம் போய்க் கத்தினேன்.

"ஏம்மா சொல்லல? செத்தவருக்கு உசுரு குடுன்னு கேட்டுக்கினு நின்னேனே, பைத்தியக்காரனாட்டம்!"

அழுது அழுது அம்மாவுக்குத் தொண்டை கட்டியிருந்தது. என் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"எனுக்கு அவரு நேத்து காலீலயே பூட்டாரு. உனுக்காவது இன்னொரு நாள் உசுரோட இருந்துட்டுப் போட்டுமேன்னுதான்டா."

அன்றைக்கே கொள்ளி வைத்தேன்.

குருசாமியோடு பேச்சு வார்த்தை பழையபடி ஆகிவிட்டது. போன மாசிகூட என் வீட்டு இரும்பு கேட்டை அவன்தான் பற்றவைத்துக் கொடுத்தான். அம்மாமேல் இருக்கிற கோபம் மட்டும் இன்னும் முழுசாகப் போகவில்லை. ஆனால் பாறைமேல் உட்கார்ந்து எங்கள் நைனா இருக்கிறார் என்று சிரித்த அந்த ஒரு நாளை யாராவது திருப்பிக் கேட்டால், நான் கொடுக்கவும் மாட்டேன்.