ஃபிளாஷ் இல்லாத கேலக்ஸி

எட்டு வயசு வரைக்கும் எனக்கு ஏதோ கொஞ்சம் மூளை இருக்குன்னு ஊட்ல எல்லாரும் நம்பிகினு இருந்தாங்க. கேலக்ஸி மேல டார்ச் அடிச்சு அந்த நம்பிக்கைய நானே ஒழிச்சேன்.

ஆவடி குவார்ட்டர்ஸ்ல சித்தப்பாவும் எங்களோடதான் இருந்தாரு. அத்தை கல்யாணத்துக்கு நானே போட்டோ எடுக்கறேன்னு குதிச்சவரு, ஃபிளாஷுக்கு பேட்டரி போட மறந்துட்டாரு. ரிசப்ஷன் மொத்தமும் கறுப்பா வந்துச்சு. அதுலேர்ந்து எந்த விசேஷத்துக்குப் போனாலும், "கேமராவ தூக்கிகினு வந்துடாதப்பா"ன்னு சிரிப்பாங்க. அவரும் சிரிப்பாரு. சோறுதான் சரியா எறங்காது.

போன மானத்த மீட்க, மாசக்கணக்கா கண்ணாடி தேய்ச்சு, பிளாஸ்டிக் பைப்புக்குள்ள வெச்சு டெலஸ்கோப் செஞ்சாரு. வானத்துல சுருள் சுருளா ஒரு கேலக்ஸி, அதான் நட்சத்திரக் கூட்டம், கீதாம். அதுக்கும் ரொம்ப தூரத்துக்கு அப்பால குவேசார்னு குட்டிக் குட்டிப் புள்ளிங்களாம். எல்லாத்தையும் படம் புடிச்சு அத்தை கைல குடுக்கணும். ஆனா அம்பத்தூர் கம்பெனி வெளிச்சம் வானத்த விட்டாத்தானே?

ஒரு சித்திரை ராத்திரி ஏரியா முழுக்க கரண்ட் போச்சு. எல்லாரும் பாயும் விசிறியுமா மாடிக்கு வந்தா, இவரு மட்டும் கல்யாண மாப்பிள்ளையாட்டம் பளிச்னு நிக்கறாரு. கேமராவ பைப்புல மாட்டி ஷட்டரத் தொறந்து வெச்சாரு. அரை மணி நேரம் அப்படியே கெடக்கணுமாம்.

"மாமே, பீடிய அணை. கேலக்ஸி வர்ற நேரம்."

"வந்தா சொல்லு நைனா, டீ போடச் சொல்றேன்"ன்னாரு பக்கத்து ஊட்டுக்காரரு.

நட்சத்திரம் நகர நகர, பெரிய பைப்பு மேல கட்டின குட்டி பைப்புல கண்ண வெச்சுகினு, டெலஸ்கோப்பும் கூடவே நகர சித்தப்பா திருகாணியத் திருகிகினு இருந்தாரு. நான் கேமராவ உத்துப் பாத்தேன். மனுஷன் மறுபடியும் ஃபிளாஷ மறந்துட்டாரே! எல்லார் முன்னாடியும் சொன்னா மானம் போயிடும். சத்தமில்லாம தண்ணித் தொட்டி மேல ஏறி, பைப்பு வாய்க்குள்ள டார்ச்ச அடிச்சேன். கண்ணாடில பட்டு நேரா கேலக்ஸிக்குத்தானே போவும்?

ஸ்டூடியோவுலேர்ந்து வந்த படம் வெள்ள வெளேர்னு இருந்துச்சு. நான்தான் டார்ச் அடிச்சேன்னு பெருமையா சொன்னேன். சித்தப்பா அடிக்கல. படத்த கவர்ல போட்டுட்டு, "உன் வெளிச்சம் அங்க போய்ச் சேர கோடிக்கணக்குல வருஷம் ஆவும்டா"ன்னு முதுகுல தட்டினாரு. போய்ச் சேரும்னுதானே சொல்றாரு! அவர காப்பாத்திட்டேன்னு நெனச்சுகினு அன்னிக்கு ரெண்டு தட்டு சோறு சாப்ட்டேன். அவரு தட்டுல சோறு அப்படியே இருந்தது ஏன்னு எனக்குப் புரியல.

பிரசவத்துக்கு வந்திருந்த அத்தை படத்தப் பாத்துட்டு, வயித்து மேல கைய வெச்சுகினு என்கிட்ட சொல்லிச்சு:

"என் கல்யாணத்துக்கு ஒருத்தன் ஃபிளாஷ் போடல, வானத்துக்கு ஒருத்தன் போட்டுட்டான். இது பொறக்கறதுக்குள்ள அந்தக் கேமராவ வித்துத் தொலைங்கடா."