பல் டாக்டர் சோபாவுக்குள் ஒரு ஒல்லி போன்

அப்பாவும் மகளும் சேர்ந்து செய்த கடைசி வேலை, ஒரு போனைத் தொலைத்ததுதான். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். இன்னும் யாரும் எடுக்கவில்லை, அவ்வளவுதான்.

அப்பா சோபா செய்பவர். புதிதாகச் செய்வதைவிடப் பழையதைப் பிரித்துக் கட்டுவதில் கெட்டிக்காரர். சட்டைக் காலரில் எப்போதும் ஒரு கோணூசி, தடித்த துணி தைக்கும் வளைந்த ஊசி, குத்தியிருக்கும். அதனால் தெருவில் அவருக்குக் கோணூசி என்றே பெயர். கூரியர்க்காரர்கூட, "கோணூசி இருக்காரா?" என்றுதான் வாசலில் நின்று கேட்பார். ஆள் நல்ல கனம். செய்து முடித்த சோபாவில் தொப்பென்று உட்கார்ந்து, ஒருமுறை குலுங்கி, "ம்" என்றால்தான் அது கடையை விட்டுப் போகும்.

சோபாவைப் பிரித்தால் குடும்பமே வெளியே வரும் என்பார். சீப்பு வரும், ரிமோட் வரும், ஒற்றைக் கம்மல் வரும். ஒருமுறை ஒரு பல்செட் வந்தது. அதன் சொந்தக்காரர் அதுவரை மருமகளைச் சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தார். அப்பா அதைத் துடைத்து, பஞ்சில் சுற்றி, மருமகள் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தார். "நீயே குடும்மா. அந்த முகத்தைப் பாக்கற பாக்கியம் உனக்குத்தான்."

அதிகம் வந்தவை போன்கள். அவற்றின் மேல் அவருக்குத் தீராத கோபம். "ஊர்ல இருக்கற அறிவெல்லாம் இதுக்குள்ள இருக்குங்கறாங்க. இடுக்குல விழுந்தா 'ஐயோ'ன்னு ஒரு சத்தம் போடத் தெரியல."

மகளுக்கு பேட்டரிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலை. ஒரு விடுமுறை நாளில் அவர் இப்படிப் புலம்பியதைச் சும்மா வீடியோ எடுத்து இணையத்தில் போட்டாள். சிரித்தவர்கள் இன்னொன்று கேட்டார்கள். அப்படி ஆரம்பித்ததுதான் 'உட்கார்ந்து பார்ப்போம்' சேனல். பக்கத்துச் செல்போன் கடைக்காரர் புது மாடல் வந்தால் காட்சிக்கு வைத்த பீஸைக் கொடுப்பார். அப்பா ரிவ்யூ செய்வார்.

அந்தச் சோதனைகளெல்லாம் அவருடைய சொந்தக் கண்டுபிடிப்பு. போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு சோபாவில் விழுவார். பையில் நிற்கிறதா, இடுக்கைத் தேடிப் போகிறதா என்று பார்ப்பார். மரூன் துணியைப் படம் எடுத்து, அந்தத் துணிக்குப் பக்கத்திலேயே திரையைப் பிடிப்பார். முக்கால்வாசிப் போன்கள் மரூனைச் சிவப்பாக்கிவிடும். "இதைப் பாத்துட்டுதான் கலர் சொல்றாங்க. அப்புறம் சோபா வீட்டுக்குப் போனதும் என்கிட்ட சண்டைக்கு நிக்கறாங்க." விரலில் பசையோடு திரையைத் தொடுவார். ஸ்டேப்ளருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரெஸ்ஸர் இரைச்சலோடு ஓடும்போது ஸ்பீக்கரைப் போடுவார். எல்லாம் முடிந்ததும் தன் சிம்மை அதில் மாற்றி, வீட்டில் வேலையாக இருக்கும் அம்மாவைக் கூப்பிடுவார். அம்மா திட்டுவது ஒரு வார்த்தை விடாமல் கேட்டால் போன் பாஸ்.

கடைசியில் கேமராவை நேராகப் பார்த்து "ஆகும்" என்பார், அல்லது "ஆகாது" என்பார். அதற்கு மேல் ஒரு சொல் கிடையாது.

மகளுக்கு லீவாக இருந்த அந்த வியாழக்கிழமை கடைக்காரர் கொண்டுவந்தது நடுத்தர விலையில் ஓர் ஆண்ட்ராய்டு. பென்சிலைவிட மெலிசு.

"இதென்ன தம்பி, போனா? போன் வந்த டப்பாவோட மூடியா?"

"இப்ப இதுதாண்ணே ஓடுது. ஒல்லி."

"ஒல்லின்னாலே எனக்கு பயம். இடுக்குல முதல்ல போறது அதுதான்." கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஆள் ஒல்லி. பாக்க லட்சணம். நடுத்தரக் குடும்பம். பேட்டரி எப்படின்னுதான் விசாரிக்கணும். இவ்வளவு மெலிசான உடம்புல மூச்சு நிக்குமா?"

"நிக்கும்பா," என்றாள் மகள். "உள்ள இருக்கற சரக்கு புதுசு. இடம் கொஞ்சமாத்தான் எடுக்கும், சக்தி நிறைய பிடிக்கும்."

"உனக்கெப்படித் தெரியும்?"

"அதுதானே என் வேலை."

"அப்ப நம்ப மாட்டேன். கடைக்காரன் சொந்தச் சரக்கைக் குறை சொல்லுவானா?"

பந்தயம் அங்கேயே போட்டாயிற்று. முழுசாகச் சார்ஜ் ஏற்றிய போன், மறுபடி சார்ஜரைத் தொடாமல், ஞாயிற்றுக்கிழமை காலை வரை உயிரோடு இருந்தால் மகள் ஜெயித்தாள். தோற்றவர் கேமராவைப் பார்த்து "எனக்கு ஒண்ணும் தெரியாது" என்று சொல்ல வேண்டும்.

"இப்பவே சொல்லிப் பழகிக்கோ," என்றார் அப்பா.

அன்று கடையில் இருந்தது பல் டாக்டரின் கிளினிக் சோபா. மூன்று பேர் உட்காரலாம். புதுப் பச்சைத் துணி போட்டாயிற்று. முதுகுப் பக்கம் ஒரு தையலும், அடியில் கறுப்புத் துணியும்தான் பாக்கி. எடுத்துப்போக வேன் வரும் நேரம்.

மரூன் சோதனையில் ஒல்லி ஜெயித்தது. பசையிலும் தேறியது. அம்மாவின் திட்டு கணீரென்று கேட்டது. சிம்மைத் திரும்ப எடுக்க நேரமில்லை.

"இருட்டுல கேமரா எப்படின்னு காட்டணும்பா," என்றாள் மகள்.

அப்பா கடையைச் சுற்றிப் பார்த்தார். நல்ல வெயில். கடைசியில் பார்வை சோபாவின் திறந்த முதுகில் போய் நின்றது. வாயெல்லாம் பல்லாகிவிட்டது.

"உள்ளே வெச்சா?"

போனை வைப்ரேஷனில் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, சாய்மானத்துக்கு உள்ளே இருக்கும் குறுக்குக் கட்டையில் சாய்த்து வைத்தார். லென்ஸ் அவர் முகத்தைப் பார்த்தது. காலரிலிருந்து கோணூசியை உருவினார்.

"இதோ பாருங்க, கதவைச் சாத்தப் போறேன். சாத்தச் சாத்த நான் எப்படித் தெரியறேன்னு பாருங்க. என் மூக்கு தெரியற வரைக்கும் இது நல்ல கேமரா."

தைக்க ஆரம்பித்தார். தைக்கும்போது அவருக்கு ஒரு முனகல் உண்டு. எந்தப் பாட்டிலும் சேராது. மகள் அந்தப் பக்கம் குனிந்து அடித்துணிக்கு ஸ்டேப்ளர் அடித்துக்கொண்டிருந்தாள். வேன்காரர் வந்து ஹாரன் அடித்தார். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர் கடைசி முடிச்சைப் போட்டார், அவள் கடைசிப் பின்னை அடித்தாள். தூக்கி ஏற்றினார்கள். வேன் போயிற்று. இருவரும் டீயை எடுத்துக்கொண்டு, வேலை முடிந்த திருப்தியில் வாசலில் உட்கார்ந்தார்கள்.

கடைக்காரர் வந்தார். "அண்ணே, போனைக் குடுங்க. ஒரு கஸ்டமர் பாக்கணுங்கறார்."

"குடும்மா."

"உங்ககிட்டதான் இருக்கு."

"என்கிட்டயா? அடிப்பக்கமா நீ எடுத்துடுவேன்னுதானே கடைசி வரைக்கும் தெச்சேன்?"

"மேல்பக்கமா நீங்க எடுத்துடுவீங்கன்னுதானே அடியை மூடினேன்?"

கடைக்காரர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "எதை மூடினீங்க?"

அப்பாவுக்குச் சிரிப்பு வயிற்றில் ஆரம்பித்தது. டீ தளும்பியது. டம்ளரைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். "காலமெல்லாம் சோபாவுக்குள்ள இருந்து போனை எடுத்துக் குடுத்தேன். இன்னிக்கு நானே உள்ள வெச்சுத் தெச்சு, வேன்ல ஏத்தி அனுப்பியிருக்கேன்!"

"அண்ணே, அது டிஸ்ப்ளே பீஸ்!"

"கிளினிக்லதான் இருக்கு தம்பி. நாலு பேர் வந்து போற இடம்."

சாயங்காலம் அப்பாவும் மகளும் கிளினிக்குக் கிளம்பினார்கள். காத்திருக்கும் அறையில் பச்சை சோபா ஜம்மென்று இருந்தது. கன்னம் வீங்கிய ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். அப்பா மகளின் போனை வாங்கித் தன் நம்பரை அழுத்தினார். சோபாவுக்குள்ளிருந்து உர்ர்ரென்று ஒரு உறுமல். வீங்கிய கன்னம் துள்ளி எழுந்தது.

"பயப்படாதீங்க. உள்ள இருக்கறது நான்தான்," என்றார் அப்பா.

வரவேற்பில் இருந்த பெண் வாயைப் பொத்திக்கொண்டாள். "அங்கிள், மத்தியானத்துல இருந்து இது முனகுது. நான் பல்லுவலிக்காரங்க முனகறாங்கன்னு நெனச்சுட்டேன்."

டாக்டரம்மா முகமூடியோடு எட்டிப் பார்த்தார். விஷயத்தைக் கேட்டார். "வந்த அன்னிக்கே பிரிக்கறதா? இவங்க எங்க உக்காருவாங்க? ஞாயித்துக்கிழமை லீவு. அன்னிக்கு வாங்க, கதவு திறந்து வைக்கச் சொல்றேன்."

மகளுக்குச் சங்கடமாக இருந்தது. ஸ்பாஞ்சும் பேட்டரியும் பக்கத்தில் பக்கத்தில். மனசுக்குள் கணக்குப் போட்டாள். சாய்மானத்துக்கு நடுவில் காலி இடம் உண்டு. சூடு ஏறினால் கேமரா தானாக நின்று, எடுத்த வரை சேமித்துக்கொள்ளும். சும்மா கிடக்கும் போன் சூடாகாது. சரி என்றாள்.

அப்பாவுக்கோ தலைகால் புரியவில்லை. "பந்தயத்துக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்குமா? யாரும் திருட்டுத்தனமா சார்ஜ் ஏத்த முடியாது!"

வெள்ளிக்கிழமை முழுவதும் கூத்துதான். சிம் போனுக்குள், போன் சோபாவுக்குள். யார் அப்பாவைக் கூப்பிட்டாலும் பல் டாக்டரின் சோபா உறுமியது. ஸ்பிரிங் கடைக்காரர் கூப்பிட்டார், உறுமியது. பழைய வாடிக்கையாளர் ஒருவர் கட்டில் மெத்தைக்காக விடாமல் கூப்பிட்டார், விடாமல் உறுமியது. அம்மா மத்தியானம் கடைக்கே நேரில் வந்துவிட்டாள்.

"சாப்பிட வாங்கன்னு சொல்ல எத்தனை தடவை கூப்பிடறது?"

"நீதானா அது? யாரோ ஒருத்தர் சுகமா இருந்திருப்பார்."

"கட்டினவனுக்குப் போன் பண்ணினா எவன் முதுகோ கூசுது. இதை எங்க போய்ச் சொல்லி அழ?"

செல்போன் கடையிலிருந்து அப்பா தன் நம்பருக்கே அடித்துக்கொண்டிருந்தார். என்னண்ணே பண்றீங்க என்று கடைக்காரர் கேட்டார். "நான் இருக்கேனான்னு பாத்துக்கறேன்." பிறகு கிளினிக்குக்கு அடித்தார். "ஏம்மா, இப்ப அடிச்சுதா?"

"அடிச்சுது அங்கிள். ஒரு பெரியவர் டோக்கன் நம்பர் வந்தும் டாக்டர்கிட்ட உள்ள போக மாட்டேங்கறார். இன்னொரு கால் வரட்டும், இருந்துட்டுப் போறேங்கறார்."

இதைத் தெரு முழுக்கச் சொன்னார். வீட்டுக்கு வந்து நடித்துக் காட்டினார். பெரியவராகவும் அவரே, சோபாவாகவும் அவரே. அம்மா சிரிக்கக் கூடாது என்று பிடிவாதமாக இருந்து, முடியாமல் எழுந்து உள்ளே போனாள்.

சனிக்கிழமை மகள் வேலைக்குப் போயிருந்தாள். மத்தியானம் அவர் ஒரு ஒற்றை இருக்கையைச் செய்து முடித்து, வழக்கம்போல் உட்கார்ந்து பார்த்தார். எழுந்திருக்கவில்லை. முதலில் பார்த்த செல்போன் கடைக்காரர், அவர் "ம்" சொல்வதற்காகக் கொஞ்ச நேரம் காத்திருந்தாராம்.

மாரடைப்பு என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடு நிறைய ஆட்கள். மகள் பின்பக்கம் போய்ச் சுவரோரம் நின்று அப்பாவின் நம்பரை அழுத்தினாள். மணி போயிற்று. முழுதாக அடித்து ஓய்ந்தது. போன் உயிரோடு இருந்தது. பந்தயத்தில் அவள் ஜெயித்துவிட்டாள். அதைச் சொல்ல யாரும் இல்லை. சாயங்காலம் மறுபடி அழுத்தினாள். அணைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு பெண்குரல் சொன்னது.

அந்த வாரம் கிளினிக் பெண் வீட்டுக்கு வந்தாள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். போகும்போது மகளை வாசலுக்குக் கூப்பிட்டாள்.

"அக்கா, சனிக்கிழமை சாயங்காலம் சோபா நிக்கவே இல்ல. ஒண்ணு முடிஞ்சா அடுத்தது. எல்லாரும் கேள்விப்பட்டு, நிஜமான்னு கேக்க அங்கிளுக்கே அடிச்சிருக்காங்க போல. எனக்கு அப்ப தெரியாது. உக்காந்திருந்தவங்க ஒவ்வொருத்தரா எழுந்து நின்னுட்டாங்க. ஏன்னு யாருக்கும் தெரியல. நின்னுட்டே இருந்தாங்க."

செல்போன் கடைக்காரர் அந்தப் போனைப் பற்றிப் பேச்சே எடுப்பதில்லை. மகள்தான் கேட்டாள். "அது உங்ககிட்டயே இருக்கட்டும்மா," என்றார். பிறகு தயங்கி, "அண்ணன் ஆகும்னாரா, ஆகாதுன்னாரா?" என்று கேட்டார். அவளுக்குத் தெரியவில்லை. பேட்டரி முடிவு தெரியாமல் அப்பா தீர்ப்புச் சொன்னதில்லை. போனுக்குள் ஒரு வீடியோ இருக்கிறது. அதில் அவர் பேசுகிறார், முனகுகிறார், வெளிச்சம் குறைந்துகொண்டே வருகிறது. கடைசித் தையலுக்கு முன்னால் குனிந்து ஏதாவது சொன்னாரா என்று தெரியாது. ஸ்டேப்ளர் சத்தத்தில் அவளுக்குக் கேட்கவில்லை.

கோணூசி காலரிலிருந்து எடுத்தபடி அலமாரியில் இருக்கிறது. பச்சை நூல் கடையில் இருக்கிறது. டாக்டரம்மா எந்த ஞாயிற்றுக்கிழமையும் வரலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

கிளினிக் சோபாவின் முதுகில், இடது ஓரம், மேலிருந்து ஒரு சாண் கீழே, நாலு தையலைப் பிரிக்க வேண்டும். கையை உள்ளே விட்டால் குறுக்குக் கட்டை. போனை எடுத்துவிட்டு, பிரித்தது தெரியாமல் திரும்பத் தைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருவதாக அப்பா சொல்லியிருந்தார்.