மூன்றாவது தடத்தில் அத்தை

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன், நான் ஒரு மடையன். அடக்கத்துக்காகச் சொல்லவில்லை. எங்கள் குடும்பத்தில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், கேட்காமலே சொல்கிறவர்களும் உண்டு. ஆனால் மடத்தனத்திலும் தரம் இருக்கிறது. சாவியை உள்ளே வைத்துவிட்டுக் கதவைச் சாத்துவது ஒரு தரம். மண்டபம் மாறிப்போய் யாரோ ஒருவர் கல்யாணத்தில் இரண்டு முறை பாயசம் வாங்கிக் குடித்துவிட்டு, 'பொண்ணு ஏன் வேற மாதிரி இருக்கு?' என்று பக்கத்தில் இருந்தவரையே கேட்பது இன்னொரு தரம். இரண்டும் நான் செய்தவைதான், சிரித்துவிட்டுப் போகலாம். ஒன்பது வயதில் நான் என் அத்தையின் குரலை அழித்தேன். அதற்கு யாரும் சிரிக்கவில்லை.

எங்கள் வீடு லிங்கராஜபுரத்தில். அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, எல்லோருக்கும் இளையவரான சித்தப்பா, நான். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பாடகர் குழுவில் அப்பா அடிக்குரல், சித்தப்பா ஆண்களில் மேல்குரலான டெனர், அத்தை பெண்களில் கீழ்க்குரலான ஆல்டோ. வீட்டு ஜெபத்திலும் அதே பங்கீடுதான். மற்ற வீடுகளில் யார் முதலில் குளிப்பது என்று சண்டை வரும். எங்கள் வீட்டில் 'நீ ஏன் என் ஸ்வரத்துல வந்து நிக்கிற?' என்று வரும். சின்னப் பிள்ளைகளுக்கு மெட்டைக் கொடுத்துவிடுவார்கள், அதுதான் சுலபம் என்பதால். நான் மெட்டுப் பாடினேன். ஆகவே குடும்பத்தின் முதன்மைப் பாடகன் நான்தான் என்றும், மற்றவர்கள் எனக்குத் துணைக்கு முனகுகிறார்கள் என்றும் நினைத்துக்கொண்டிருந்தேன்.

சித்தப்பாவுக்கு வேதாகமத்துக்கு அடுத்தபடி ஒரு பக்தி இருந்தது. ப்ராக்ரஸிவ் ராக். பீன்யாவில் ஒரு தொழிற்சாலையில் தகடு அடிக்கும் மெஷின்களுக்கு நடுவில் நாள் முழுக்க நின்றுவிட்டு வருவார். கையிலிருக்கும் எண்ணெய்க் கறையைத் தேய்த்துக் கழுவுவார். உடனே கேசட் போடுவார். ஒரு பாட்டு இருபது நிமிடம் ஓடும். தாளம் ஏழாகப் போகும், திடீரென்று ஐந்தாகும், மறுபடி ஏழுக்கு வரும்.

"ஏழு எதுக்குடா? எட்டா அடிச்சா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிருமா?" என்பார் அப்பா.

"சும்னே இரு அண்ணா. இப்ப வரும் பாரு."

வருவது குரல்கள். கிட்டாரும் ஆர்கனும் பத்து நிமிடம் ஒன்றையொன்று துரத்திவிட்டுச் சட்டென்று நின்றுவிடும். ஒரு குரல் தொடங்கும். அதன் தலைக்கு மேலே இன்னொன்று ஏறும். இரண்டுக்கும் இடையில் மூன்றாவது ஒன்று, கதவு திறக்கிற சத்தம்கூட இல்லாமல் உள்ளே வந்து நின்றுகொள்ளும். வார்த்தை எதுவும் கிடையாது, வெறும் 'ஆ'தான். அந்த இடம் வந்ததும் சித்தப்பா என் தோளைப் பிடித்துக்கொள்வார்.

"மேல பாடுறவன விட்ரு. அவன் எல்லாருக்கும் கேப்பான். கீழ இருக்கிறவனையும் விடு. நடுவுல ஒருத்தன் இருக்கான் பாரு, அவன பிடி. பிடிச்சியா?"

பிடித்துவிட்டேன் என்று தலையாட்டுவேன். பொய். எனக்கு ஒரே ஓர் ஆள்தான் கேட்டார். கொஞ்சம் பருமனான ஆள்.

அந்த வருடம் அத்தையின் கழுத்தில் ஒரு கட்டி தெரிந்தது. தைராய்டு என்றார்கள். அறுவை செய்து எடுத்தே ஆக வேண்டும், ஆனால் குரலுக்குப் போகிற நரம்பு அதை ஒட்டியே ஓடுகிறது, குரல் பழையபடி இருக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது என்று மருத்துவர் முன்கூட்டியே சொல்லியிருந்தார். வீட்டில் பெரியவர்கள் நால்வருக்கும் இது தெரியும். எனக்குச் சொல்லப்பட்டது வேறு: அத்தைக்குத் தொண்டையில் சின்ன ஆபரேஷன், முடிந்ததும் நிறைய ஐஸ்கிரீம் கொடுப்பார்கள். எனக்குப் பொறாமையாக இருந்தது.

ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது சித்தப்பா, கீபோர்டு வாசிக்கும் நண்பர் ஒருவரிடமிருந்து ஒரு பதிவு மெஷினை இரவல் வாங்கி வந்தார். சாதாரண கேசட்தான் போட வேண்டும். ஆனால் அந்த மெஷின் நாடாவை நான்கு தனித்தனித் தடங்களாகப் பிரித்துக்கொள்ளும். ஒரு தடத்தில் பாடியதைக் கேட்டுக்கொண்டே அடுத்ததில் பாடலாம். பல வருடமாக மனதிலேயே போட்டுவைத்திருந்த தன் பதினெட்டு நிமிடப் பாட்டை சித்தப்பா உடனே பதிவு செய்தாக வேண்டும் என்றார். மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டுமே, அதற்குத்தான் இந்த அவசரம் என்று நான் நினைத்தேன்.

முதல் தடத்தில் கிட்டார். இரண்டாவதில் அப்பா. மூன்றாவதில் அத்தை. நான்காவதில், எல்லோரையும் ஹெட்போனில் கேட்டுக்கொண்டே உச்சியில் சித்தப்பா. ஜன்னலுக்கு மெத்தையைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, குக்கருக்குத் தடை விதித்தார்கள். அம்மா அந்த வாரம் முழுவதும் குழம்பைச் சட்டியிலேயே வைத்தார். அத்தையின் பங்கு பாட்டின் நடுவில் மட்டும்தான், நான்கு நிமிடம். அதில் மெட்டு என்று எதுவுமே இல்லை. மேலேயும் கீழேயும் உள்ளவர்கள் அலைந்துகொண்டிருப்பார்கள், அத்தை அநேகமாக ஒரே இடத்தில் நிற்பார், எப்போதாவது அரை அடி நகர்வார். அதற்குப் போய் ஐந்து முறை திரும்பத் திரும்பப் பாடினார். ஒவ்வொரு முறை முடிந்ததும் கழுத்தைத் தடவிக்கொண்டு, "இன்னொரு தடவடா, இந்த இடம் ஒட்டல" என்பார். ஒன்றும் நடக்காத ஒரு பாட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா என்று எனக்குத் தோன்றியது.

வெள்ளிக்கிழமை எல்லாம் முடிந்தது. திங்கட்கிழமை அத்தையை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும்.

சனிக்கிழமை சித்தப்பாவுக்கு வேலை. அப்பா வெளியே போயிருந்தார். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போக பிளாஸ்க்கும் நைட்டியும் வாங்க அம்மாவும் அத்தையும் கடைக்குப் போனார்கள். மெஷினும் நானும் தனியாக இருந்தோம்.

ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். ஒவ்வொரு தடத்தின் சத்தத்தையும் ஏற்றி இறக்க ஒரு ஃபேடர் இருக்கும். விளையாட்டாக அப்பாவை இறக்கினேன். சித்தப்பாவை இறக்கினேன். கிட்டாரையும் இறக்கினேன். மிச்சம் இருந்தது ஒரே ஒரு குரல். அத்தை. சித்தப்பா எத்தனையோ நாள் தோளைப் பிடித்துக் காட்டிய அந்த நடு ஆளை நான் முதல்முதலாகப் பிடித்தது அப்போதுதான். இத்தனை நாளும் இவர் இங்கேயேதான் இருந்தாரா என்று இருந்தது. மற்ற இரண்டு பேரையும் மெல்ல ஏற்றினேன். இப்போதும் அவரைக் கேட்க முடிந்தது. அந்தச் சந்தோஷத்தை என்ன செய்வது என்று ஒன்பது வயதுக்காரனுக்குத் தெரியவில்லை. அவரோடு சேர்ந்து பாட வேண்டும் என்று தோன்றியது.

பாடகர் குழுவில் ஆல்டோ வரிசையில் இன்னொரு ஆள் போய் நின்றால் என்ன ஆகும்? கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுப்பார்கள். குரல் இரண்டாகும். எனக்குத் தெரிந்த சங்கீதம் அவ்வளவுதான். எனவே அத்தை நிற்கிற வரிசையில், மூன்றாவது தடத்தில், நானும் போய் நின்றேன். சித்தப்பா செய்வதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பொத்தான்கள் எல்லாம் அத்துப்படி. சிவப்பு விளக்கு எரிந்தது. கண்ணை மூடிக்கொண்டு நான்கு நிமிடமும் பாடினேன். பாடும்போதே அத்தை எனக்குக் கேட்காமல் போனது நான் உரக்கப் பாடியதால் என்று நினைத்துக்கொண்டேன்.

திரும்பப் போட்டுக் கேட்டேன். அப்பா இருந்தார், சித்தப்பா இருந்தார், நடுவில் நான் மட்டும் இருந்தேன். இன்னொரு முறை போட்டேன். ஒருவேளை அத்தை மறுபக்கம் போயிருப்பாரோ என்று கேசட்டைத் திருப்பிப் போட்டேன். மறுபக்கத்திலும் அந்த மெஷினுக்கு அதே தடங்கள்தான், தலைகீழாக; எல்லோரும் பின்னாலிருந்து முன்னால் பாடிக்கொண்டிருந்தார்கள். நானும்.

இது சனிக்கிழமை. நான் வாயைத் திறந்திருந்தால் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை மிச்சம் இருந்தது.

ஞாயிறு மதியம் பிரியாணி. சாப்பிட்டு முடித்து மெஷினுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்த அத்தை, சித்தப்பாவிடம் சொன்னார்: "டேய், அந்தக் கடைசி இடம் எனக்கு இன்னும் மனசுக்கு ஒட்டல. இன்னிக்கி ஒரே ஒரு தடவ பாடிடட்டுமா?"

"தொண்டைய ரெஸ்ட்ல வைக்கச் சொல்லியிருக்காங்கக்கா."

"நாளைக்கு அப்புறம் வெறும் ரெஸ்ட்டுதானே. இப்பப் பாடுறேனே."

சித்தப்பா யோசித்தார். பிறகு, "சரி, போட்டுக் கேட்டுப் பாக்கலாம், நல்லா இல்லைன்னா பாடு" என்று சொல்லி மெஷினை நோக்கிக் கையை நீட்டினார்.

போட்டால் நான் வருவேன். அப்போது எனக்கு ஒரு புத்தி வந்தது. வாழ்க்கையில் எனக்குச் சரியான நேரத்தில் வந்த ஒரே புத்தி அதுதான், அதுவும் இப்படி வந்தது. குறுக்கே பாய்ந்து அத்தையின் மடியில் விழுந்தேன்.

"வேணாம் அத்தை! நேத்து நான் கேட்டுட்டேன். சக்கத்தா இருக்கு! அந்த நடு ஆளு நீங்கதான்னு நான் பிடிச்சிட்டேன் அத்தை. இதுக்கு மேல பாடுனா கெட்டுப்போயிரும்."

இருவரும் என்னையே பார்த்தார்கள்.

"பிடிச்சிட்டானாம்க்கா!" என்றார் சித்தப்பா. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "இதுக்கு மேல என்ன சர்டிபிகேட் வேணும் உனக்கு?"

அத்தை என் தலையை முகர்ந்தார். "சரிடா, நீ சொன்னா சரி" என்றார். யாரும் மெஷினைத் தொடவில்லை. தப்பித்தேன்.

திங்கட்கிழமை அத்தை ஆஸ்பத்திரிக்குப் போனார். கட்டியை எடுத்தார்கள், உயிருக்கு ஒன்றும் இல்லை. அடுத்த வாரம் கழுத்தில் கட்டோடு வீட்டுக்கு வந்தார். பேசும்போது காற்றுதான் வந்தது, ஒரு சொல்லில் பாதி எழுத்துதான் கேட்டது. சரியாகிவிடலாம் என்றார்கள். ஆகாமலும் போகலாம் என்றார்கள். அன்று மாலை சித்தப்பா அவரை நாற்காலியில் உட்காரவைத்து, அப்பாவையும் அம்மாவையும் கூப்பிட்டு, பாட்டை முதலிலிருந்து போட்டார். நான் கட்டிலுக்கு அடியில் செருப்புத் தேடுகிற பாவனையில் ஒன்பது நிமிடம் இருந்தேன்.

குரல்கள் வந்தன. அப்பா, அவருக்கு மேலே சித்தப்பா, இடையில் கதவை உதைத்துக்கொண்டு நான்.

முதலில் அம்மா சிரித்துவிட்டார். பிறகு சிரிப்பு பாதியில் நின்றது. சித்தப்பா மற்ற ஃபேடர்களை இறக்கினார், மூன்றாவதை ஏற்றினார். நான் மட்டும் பாடினேன், நான்கு நிமிடம். யாரும் நிறுத்தவில்லை. எங்காவது ஓர் இடத்தில் அத்தை மிஞ்சியிருப்பார் என்று சித்தப்பா மெஷினுக்குள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தார்.

கட்டிலுக்கு அடியிலிருந்து வெளியே வந்தேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. அதனால் இது அவ்வளவு பெரிய விஷயம் இல்லை என்று நினைத்துக்கொண்டு, சூழ்நிலையைச் சரிசெய்யும் பொறுப்பை நானே எடுத்துக்கொண்டேன்.

"அத்தை, கட்டுப் பிரிச்சதும் திரும்பப் பாடிடுங்க. நான் தொடவே மாட்டேன்."

அப்பா எழுந்து வாசலுக்குப் போனார். சித்தப்பா கேசட்டை எடுத்து அதன் பெட்டியில் போட்டு மூடினார். அத்தை மட்டும் என்னைப் பார்த்து, சரி என்பதுபோலத் தலையை அசைத்தார். நான் சமாதானமாகிவிட்டேன். அந்தத் தலையசைப்பு ஒரு வாக்குறுதி என்று நம்பி, ஏறக்குறைய ஒரு வருடம், 'அத்தை எப்பப் பாடுவீங்க?' என்று வாரம் ஒருமுறை கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்கக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. நானாகவும் விளங்கிக்கொள்ளவில்லை. அவர் சர்ச்சில் பாடகர் குழுவின் பக்கம் போகாமல் பின்வரிசையில் எங்களோடு வந்து உட்கார்ந்தது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. நீண்ட பிரசங்கங்களின்போது அவர் கையில் விரல் சண்டை விளையாடலாம்.

இப்போது எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். பிறர் செய்த தவறுகளைக் கண்டுபிடித்துச் சொல்வதற்கு எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். என் வீட்டார் இதைக் கேட்டுச் சிரிக்காத பண்டிகை இல்லை. கலந்து கிடக்கும் ஒலியிலிருந்து குரலைத் தனியே பிரித்தெடுக்கும் மென்பொருள்கள் வந்தபோது எனக்கு ஒன்று உறைத்தது. சித்தப்பா கடைசியாகப் பாடியபோது ஹெட்போனில் அத்தையைக் கேட்டுக்கொண்டேதானே பாடினார்? ஹெட்போனிலிருந்து கசிந்தது மைக்கில் விழுந்திருக்குமே? அப்படியானால் நான்காவது தடத்தில், சித்தப்பா மூச்சு வாங்கும் இடைவெளிகளில், கொசு அளவில் அத்தை இருக்க வேண்டும்.

சித்தப்பாவிடம் கேசட்டைக் கேட்டேன். அவர் அதற்குப் பிறகு எதையும் பதிவு செய்யவில்லை. "எடுத்துட்டுப் போ, எங்கிட்ட போடுறதுக்கு மெஷின் இல்ல" என்றார். எதற்கு என்று கேட்கவில்லை.

நான்கு மாதச் சனி ஞாயிறுகள். இரைச்சலைக் கழித்து, சித்தப்பாவைக் கழித்து, தெருவில் போன பஸ்ஸைக் கழித்து, பதினொரு விநாடி கிடைத்தது. ஒரு பெண் குரல், நகராமல், ஒரே இடத்தில் நிற்கிறது. அதைக் கேட்டுவிட்டு நான் அலுவலகக் கேண்டீனில் வைத்து அழுதேன். பக்கத்தில் இருந்தவர் அன்றைய சாம்பாரைக் குறை சொன்னார்.

போன ஞாயிற்றுக்கிழமை லிங்கராஜபுரம் போனேன். அத்தை முறத்தில் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் விவரமாகச் சொல்லிவிட்டுப் போட்டிருக்கலாம். மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போட்டிருக்கலாம். நான் என்னை நம்பி, ஒன்றும் சொல்லாமல் போட்டு அசத்திவிடலாம் என்று, ஹெட்போனை அவர் காதில் மாட்டினேன்.

"யாருன்னு சொல்லுங்க பாக்கலாம், அத்தை."

பதினொரு விநாடி முடிந்தது. இன்னொரு தடவை என்று விரலால் காட்டினார். போட்டேன். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு, மறுபடி முறத்தைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டு, அந்தக் காற்றுக் குரலில் கேட்டார்.

"நல்லாத்தான் பாடுறா. யாருடா இது?"